பவுடர் டப்பாவும் பாதரசமும்: ஒரு பெயரை யார் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள்?

கவுஞ்சியில் ஞாயிறு மாலை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளோடு டீக்கடை வரை நடப்பது எங்கள் வழக்கம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் தாண்டி வரும் மேல்மலைக் கிராமம் இது. பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற ஊர். டவுன் பஸ் எப்போது வரும் என்பது உறுதியில்லை. ஆனால் டீக்கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஷாம்பு பாக்கெட் சரம் தொங்காத நாள் கிடையாது.

போன மாதம் பிளஸ் டூ படிக்கிற ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, கடையில யாரும் 'பவுடர் குடுங்க'ன்னு கேக்குறதில்ல, 'பாண்ட்ஸ் குடுங்க'ன்னுதான் கேக்குறாங்க. அது எப்படிக்கா ஒரு கம்பெனி பேரு நம்ம வாயில வந்து ஒட்டிக்கிச்சு?"

சின்னக் கேள்வி மாதிரித் தெரிந்தாலும், இதற்குப் பதில் சொல்ல நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலின் முக்கியமான பகுதி இதே கொடைக்கானலில் நடந்தது. அதனால்தான் எழுதுகிறோம்.

எம்.பி.ஏ. வகுப்புகளில் இதற்கு ஒரு விடை உண்டு. ஒரு பிராண்டின் மேல் வாடிக்கையாளருக்கு வரும் நம்பிக்கை விளம்பரத்தால் மட்டும் வருவதில்லை. கம்பெனிக்குள் இருக்கும் பண்பாடு, அங்கே வேலை செய்கிறவர்கள் நடத்தப்படும் விதம், அவர்கள் வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் விதம் இவற்றால்தான் அது வளர்கிறது என்பார்கள். நாமும் இதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: எந்த வேலைக்காரர்கள்? கல்லாவுக்கு முன்னால் புன்னகையோடு நிற்பவரா, ஆலையின் பின்கட்டில் மூச்சுப் பிடித்து வேலை செய்பவரா? இந்த இரண்டு பேரையும் பிரிக்கும் சுவரை யார் கட்டினார்கள்?

சன்லைட் ஊரும் காங்கோ காடும்

சோப்பிலிருந்து தொடங்குவோம். இங்கிலாந்தின் வில்லியம் லீவர் 'சன்லைட்' சோப்பை விற்று வளர்ந்தவர். 1888-இல் தன் ஆலைத் தொழிலாளர்களுக்காக லிவர்பூல் அருகே ஓர் ஊரையே கட்டத் தொடங்கினார். அதற்கு 'போர்ட் சன்லைட்' என்று சோப்பின் பெயரையே வைத்தார். தோட்டம் வைத்த வீடுகள், பள்ளி, மருத்துவமனை, கலைக்கூடம் எல்லாம் வந்தன. சுத்தமான ஊரில் சந்தோஷமான தொழிலாளி செய்த சுத்தமான சோப்பு என்று அந்த ஊரே ஒரு விளம்பரமாயிற்று. அதே 1888-இல் சன்லைட் சோப்பு இந்தியாவுக்கும் கப்பலில் வந்து இறங்கியது.

ஆனால் சோப்புக்கு எண்ணெய் வேண்டும். 1911-இல் பெல்ஜிய அரசோடு ஒப்பந்தம் போட்டு, காங்கோவில் பனை எண்ணெய்க்காக மிகப் பெரிய நிலப்பரப்பை லீவர் பெற்றார். அங்கேயும் 'லீவர்வில்' என்று தன் பெயரில் ஓர் ஊர் எழுந்தது. ஆனால் அங்கே பனையேறிப் பழக்குலை வெட்டியவர்கள் தோட்டம் வைத்த வீட்டில் வாழவில்லை. காலனி நிர்வாகத்தின் வரியும் நிர்ப்பந்தமும் சாட்டையும் சேர்ந்து அவர்களை வேலைக்கு இழுத்துவந்தன. அந்தக் கட்டாய உழைப்பின் கதை ஐரோப்பாவில் நூல்களாகவே பதிவாகியிருக்கிறது.

ஒரே முதலாளி, ஒரே சோப்பு. ஆனால் வாடிக்கையாளர் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு பண்பாடும், அவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இன்னொரு பண்பாடும் இருந்தன. 'கம்பெனி கலாச்சாரம்' என்று ஒருமையில் பேசுவதே தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

சுவர் நமக்குப் புதிதல்ல

இந்தியாவில் அந்தச் சுவரைக் கட்ட முதலாளி செங்கல் வாங்க வேண்டியதில்லை. சாதி ஏற்கெனவே கட்டி வைத்திருந்தது. பம்பாய் பஞ்சாலைகளில் கூலி அதிகமான நெசவுப் பிரிவில் தீண்டப்படாத சாதியினருக்கு இடமில்லை. நூல் அறுந்தால் வாயால் ஈரப்படுத்தித்தான் மறுபடி கோர்க்க வேண்டும், நம்மவர் எச்சில் பட்ட நூலை மற்றவர் தொடமாட்டார் என்பது காரணம். அம்பேத்கர் இதை மேடைக்கு மேடை எடுத்துப் பேசினார். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்கிறவர்களையே பிரிப்பது என்று அவர் 1936-இல் எழுதியதற்குப் பின்னால் இந்த ஆலை அனுபவமும் இருக்கிறது. பம்பாய்த் துணி நல்ல துணி என்று நாடு முழுக்க வாங்கியவர்களுக்கு, அதன் ஊடும் பாவும் யார் கையைத் தவிர்த்துவிட்டு ஓடின என்று தெரியாது.

சென்னையில் 'பின்னி' துணி என்றால் அப்படியொரு மதிப்பு. அந்தத் துணியை நெய்த பக்கிங்ஹாம் கர்னாடிக் ஆலையில் 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் ஒற்றுமை சாதிக்கோட்டில் பிளந்தது. வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடர்களின் புளியந்தோப்புக் குடிசைகள் எரிக்கப்பட்டன. பிளவால் லாபம் அடைந்தது நிர்வாகம்தான். கடையில் துணி கிழித்து வாங்கியவருக்கு இந்தத் தீயின் வாடை வந்திருக்காது.

பாண்ட்ஸ் மலையேறிய கதை

இப்போது நம் மலைக்கு வருவோம். பாண்ட்ஸ் 1846-இல் அமெரிக்காவில் பிறந்த பெயர். 1955-இல் வாசலைன் செய்யும் சீஸ்பரோ கம்பெனியோடு இணைந்து சீஸ்பரோ-பாண்ட்ஸ் ஆனது. தமிழ்நாட்டில் அது வீட்டுப் பெயர். பல்லாவரத்தில் அதன் ஆலை இருந்த இடத்தை இன்றும் சென்னைக்காரர்கள் 'பாண்ட்ஸ்' என்றே அடையாளம் சொல்கிறார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்த காய்ச்சல் மானி செய்யும் ஆலையின் இயந்திரங்கள் 1983-வாக்கில் கொடைக்கானலுக்கு வந்தன. செயின்ட் மேரிஸ் சாலையில், பாம்பார் சோலைக்கு மேலே ஆலை எழுந்தது. பாதரசமும் கண்ணாடியும் வெளியிலிருந்து வந்தன. செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் போயின. இங்கே தங்கியது உழைப்பும் கழிவும்தான். 1980-களின் பின்பாதியில் யூனிலீவர் சீஸ்பரோ-பாண்ட்ஸை வாங்கியது. 1998-இல் பாண்ட்ஸ் இந்தியா ஹிந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. போர்ட் சன்லைட்டில் தொடங்கிய பெயர்வழி நம் சோலைக்கு மேலே வந்து சேர்ந்தது இப்படித்தான்.

விவசாயக் கூலியும் சீசன் வேலையும் தவிர வேறு இல்லாத மலையில் 'பாண்ட்ஸ்ல வேலை' என்பது கௌரவம். இதைக் கவனியுங்கள், தோழர்களே. பிராண்டின் மேல் வாடிக்கையாளருக்கு மட்டும் நம்பிக்கை வருவதில்லை, வேலைக்குப் போகிறவருக்கும் வருகிறது. முகத்துக்குப் பூசும் பவுடரைச் செய்கிற கம்பெனி நமக்குக் கெடுதல் செய்யுமா என்று நினைத்தால் ஆபத்தைக் கேள்வி கேட்கத் தோன்றாது. பாதரசம் சாதாரண அறைச் சூட்டிலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, வாசனையில்லை. நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது. ஆபத்தைத் தங்களுக்கு விளக்கவில்லை, போதிய பாதுகாப்பு தரவில்லை என்று தொழிலாளர்கள் பின்னாளில் சொன்னார்கள். தங்கள் பரிசோதனைகளில் வேலையால் வந்த பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்பது கம்பெனியின் நிலைப்பாடு.

2001 மார்ச் மாதம் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் 7.4 டன் பாதரசக் கண்ணாடிக் கழிவு கிடப்பதை ஊர்மக்களும் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸும் சேர்ந்து வெளிக்கொண்டு வந்தார்கள். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. தன் விதிமுறைகளை மீறிக் கழிவு விற்கப்பட்டுவிட்டது என்றது கம்பெனி. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குத் திரும்பிப் போனது. வழக்கமாகப் பணக்கார நாட்டின் கழிவு ஏழை நாட்டுக்கு வரும். இங்கே மக்கள் அதைத் திருப்பி அனுப்பினார்கள்.

கழிவு போயிற்று, உடம்புக்குள் போனது? தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்ந்து 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் போனார்கள். மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் ஆய்வு 2011-இல் வேலையிடத்துப் பாதரசத்தால் பலர் நோயுற்றதாகச் சொன்ன பிறகும் வழக்கு இழுத்தது. அதே கால அளவில், 2010 முதல், யூனிலீவர் தன்னை உலகத்தின் பொறுப்பான கம்பெனிகளில் முதலாவதாகக் காட்டும் நிலைத்த வாழ்வுத் திட்டத்தை அறிவித்து விருது வாங்கிக்கொண்டிருந்தது.

2015 ஜூலை இறுதியில் சோபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பாடகி 'கொடைக்கானல் வோன்ட்' என்ற ராப் பாடலோடு வந்தார். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். சில வாரங்களில் பல லட்சம் பேர் பார்த்தார்கள். அந்தப் பாட்டு நீதிமன்றத்தைப் பார்த்துப் பேசவில்லை. சோப்பும் டீத்தூளும் வாங்குகிற வாடிக்கையாளரைப் பார்த்துப் பேசியது. யூனிலீவரின் உலகத் தலைவரே சமூக ஊடகத்தில் பதில் சொல்ல நேர்ந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் உடன்படிக்கை செய்தது. மனிதாபிமான அடிப்படையில் தருவதாகச் சொன்ன தொகையை வெளியிடவில்லை.

பாட்டு ஜெயித்தது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நாங்கள் அப்படிச் சொல்லித் தருவதில்லை. பதினைந்து வருடம் ரிப்போர்ட்டும் மருந்துச் சீட்டும் பைக்குள் வைத்துக்கொண்டு மலைக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் அலைந்த தொழிலாளர்கள்தான் அடித்தளம். பாட்டு செய்த வேலை, பின்கட்டில் இருந்தவர்களைக் கொண்டுவந்து கல்லாவுக்கு முன்னால் நிறுத்தியது. தன் பிராண்டைத் தானே 'பொறுப்பு' என்ற சொல்லால் கட்டிய கம்பெனிக்கு அந்தச் சொல்லே கண்ணியாயிற்று.

கதை அதோடும் முடியவில்லை. ஆலை மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்பதில் தகராறு வந்தது. ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவுகோலை எதிர்த்து, இது இங்கிலாந்தில் குடியிருப்புகளுக்கு வைத்திருக்கும் அளவைவிடப் பல மடங்கு தளர்வானது என்று இயக்கத்தினர் வாதாடினார்கள். 2018-இல் சோபியாவோடு டி.எம். கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர்ந்து அடுத்த பாடலை வெளியிட்டார்கள். பாம்பார் கீழே இறங்கிக் கும்பக்கரை அருவியாய் விழுகிற தண்ணீர். அது யாருக்கெல்லாம் போகிறது என்று பெரியகுளம் பக்கத்துத் தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மினமாட்டா தொழிலாளர்கள் சொன்ன ஒரு சொல்

பாதரசம் என்றால் உலகத்துக்கு நினைவு வரும் ஊர் ஜப்பானின் மினமாட்டா. சிசோ என்ற ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன் வழியாக மக்களுக்குள் போனது. 1956-இல் நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஆலையின் சொந்த மருத்துவர் ஹொசொகாவா 1959-இல் ஆலைக் கழிவைப் பூனைக்கு உணவில் கலந்து கொடுத்துச் சோதித்தார். பூனைக்கும் அதே நோய் வந்தது. நிர்வாகம் அந்த முடிவை மறைத்தது. ஊரே சிசோவை நம்பிப் பிழைத்தது. ஆலைத் தொழிலாளர்களும் மீனவ நோயாளிகளிடமிருந்து விலகியே நின்றார்கள்.

1968-இல் அந்த ஆலையின் தொழிற்சங்கங்களில் ஒன்று ஒரு தீர்மானம் போட்டது. மினமாட்டா நோய்க்கு எதிராக இதுவரை போராடாமல் இருந்ததற்காகத் தொழிலாளர்களாகிய நாங்கள் வெட்கப்படுகிறோம் என்பது அதன் சாரம். 'வெட்கப் பிரகடனம்' என்றே வரலாற்றில் அதற்குப் பெயர். பிறகு அந்தச் சங்கத்தினர் நோயாளிகள் பக்கம் நின்றார்கள்.

கம்பெனிப் பண்பாட்டைத் தொழிலாளர்கள்தான் உருவாக்குகிறார்கள் என்பதற்கு நாங்கள் தருகிற பொருள் இதுதான். சீருடை போட்டுச் சிரிப்பது இல்லை. உள்ளே நடப்பதை வெளியே சொல்லும் துணிச்சலும், சொல்லத் தவறியதற்கு வெட்கப்படும் நேர்மையும் வேண்டும். 2013-இல் உலக நாடுகள் கூடிப் போட்ட பாதரச உடன்படிக்கைக்கு மினமாட்டாவின் பெயரையே வைத்தார்கள். இந்தியா 2018-இல் அதை ஏற்றது. காய்ச்சல் மானியில் பாதரசம் கூடாது என்பதும் அதில் அடக்கம்.

சிரிப்புக்கும் கூலி உண்டு

கொடைக்கானலில் ஆலை வந்த அதே 1983-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்சைல்டு ஒரு நூல் எழுதினார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, அவர்கள் விற்பது கைவேலையை மட்டுமல்ல, தங்கள் உணர்வையும்தான் என்றார். 'உணர்வுழைப்பு' என்று அதைச் சொல்லலாம். பயணி அந்தச் சிரிப்பை விமானக் கம்பெனியின் குணம் என்று நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அது ஒரு பெண்ணின் உழைப்பு.

தி.நகர் ரங்கநாதன் தெருவுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படம் ஜவுளிக்கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையைக் காட்டியது. நாள் முழுக்க நின்று சேலை விரித்துக் காட்டுகிறவர் உட்காரலாம் என்று சொல்லத் தமிழ்நாட்டுக்கு 2021 வரை ஆயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில்தான் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தம் வந்தது. 'அந்தக் கடையில் நல்ல மரியாதை' என்று நாம் சொல்கிற மரியாதை, வீங்கிய கால்களிலிருந்து வந்தது.

திண்டுக்கல்லில் எழுதிய ஒப்பந்தம்

மலையிலிருந்து இறங்கினால் நம் மாவட்டத் தலைநகர் திண்டுக்கல். 2021 ஜனவரியில் அங்கே உலகப் பெரும் துணி பிராண்டான எச்&எம்முக்குத் தைத்துக் கொடுக்கும் ஓர் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். கைதானவர் அவளுடைய மேற்பார்வையாளர். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. நம் கூட்டங்களில் நாம் மறப்பதும் இல்லை.

தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தச் சாவை 'தனிப்பட்ட சம்பவம்' என்று மூடவிடவில்லை. ஆசியா முழுக்கவும் அமெரிக்காவிலும் உள்ள தொழிலாளர் அமைப்புகள் கைகோர்த்தன. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச்&எம்மும் சட்டப்படி கட்டுப்பட்டன. பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற பெண்கள் ஆலைத் தளத்தில் கண்காணிக்கிறார்கள். புகாரை விசாரிக்க நிர்வாகத்துக்கு வெளியே உள்ளவர்கள் இருக்கிறார்கள். பாலின வன்முறை மட்டுமல்ல, சாதிப் பாகுபாடும் அதில் குற்றமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆலை மீறினால் பிராண்ட் தன் வியாபாரத்தின் வழியாகவே அதற்கு விலை கொடுக்கவைக்க வேண்டும்.

கொடைக்கானலையும் திண்டுக்கல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் உடம்பு கெட்ட பிறகு, ஆலை மூடிப் பதினைந்து ஆண்டு கழித்து, மனிதாபிமானம் என்ற பெயரில் பணம் வந்தது. இரண்டாவதில் ஓடிக்கொண்டிருக்கும் ஆலைக்குள்ளேயே உரிமை என்ற பெயரில் விதி வந்தது. அதுவும் ஓர் உயிர் போன பிறகுதான் வந்தது என்பதை மறைக்க மாட்டோம். ஆனாலும் கருணைக்கும் உரிமைக்கும் உள்ள தூரம் அது. கம்பெனியின் பண்பாட்டை மனிதவளத் துறை எழுதுவதற்குப் பதில் தலித் பெண் தொழிலாளர்கள் எழுதிய இடம் அது.

நம் ஊர்ப் பூண்டின் பெயர்

இதையெல்லாம் கவுஞ்சி வகுப்பில் இரண்டு ஞாயிறு பேசினோம். பொருள் வாங்காதே என்று நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு ரூபாய்க்கு ஷாம்பு வாங்குகிற அம்மாவிடம் புறக்கணிப்பை உபதேசிப்பது நம் அரசியல் அல்ல. கேள்வி கேட்கத்தான் பழக வேண்டும். நாளைக்கு உங்களில் ஒருவர் ஆலையில் சேருவீர்கள், இன்னொருவர் ஐ.டி. கம்பெனியில், இன்னொருவர் ஜவுளிக்கடையில். உள்ளே போனதும் பாருங்கள்: பின்கட்டு வேலை யாருக்கு? சங்கம் உண்டா? புகார் சொன்னவருக்கு என்ன ஆனது? துப்புரவுப் பணியாளர்கள் யார் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள், கம்பெனியிலா, கான்ட்ராக்டரிடமா? இந்த நான்குக்கும் கிடைக்கிற பதில்தான் அந்தக் கம்பெனியின் பண்பாடு.

வகுப்பு முடியும்போது அந்தத் தங்கையின் பக்கத்தில் இருந்த பையன் சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: "அக்கா, நம்ம பூண்டும் இப்ப பிராண்டுதானே?"

ஆமாம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு என்றால் தனி மதிப்பு. மருந்துக் குணம், மணம், மண்ணின் பெருமை எல்லாம் அந்தப் பெயரில் இருக்கின்றன. அந்தக் குளிரில் குனிந்து களை எடுத்து, பூண்டு பிடுங்கி, கட்டுக் கட்டித் தலையில் சுமக்கிற கூலிப் பெண்களின் நாட்கூலி மட்டும் அந்தப் பெயரில் இல்லை. நிலம் யாருடையது, மூட்டைத் தூக்குவது யார் என்று இந்த மேல்மலையில் எந்தக் குழந்தையும் சொல்லும்.

அடுத்த ஞாயிறுக்கு வேலை கொடுத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் தன் வீட்டில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போகிறவரிடம் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் தருகிறார்கள் என்று கேட்டு நோட்டில் எழுதி வர வேண்டும். பாண்ட்ஸ் தொழிலாளர்களின் மருந்துச் சீட்டுகள் மாதிரி, இந்த நோட்டும் ஒரு நாள் எங்கேயாவது எடுத்துக் காட்ட வேண்டி வரலாம். நீங்கள் இருக்கிற ஊரிலும் உங்கள் ஊர்ப் பெயரில் விற்கிற பொருள் ஏதாவது இருக்கும். அதற்கும் ஒரு நோட்டுப் போடுங்கள்.